பின்கதவின் திறப்பு

பின்கதவைப் பூட்டியது மான்களால்தான்.
சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள்.
திருமலையில், டச்பேப் பக்கம்
ஒரு மண்டபம் வைத்து நடத்திப் பார்க்கட்டும்,
பந்தி முடியுமுன்னே
வாசல் வாழையில் பாதி இருக்காது.
ஒருமுறை மணவறைக்கே ஏறி
மாப்பிள்ளையின் மாலையைக் கடித்தது ஒரு கலைமான்.
அடுத்த நாளே வாங்கினேன்
மொத்தமாய் ஒரு ஆமைப்பூட்டு.

யதுர்ணாவின் சாமத்தியவீடு.
கதிரை முந்நூறு. அழைப்பு ஐந்நூற்றிருபது.
"சனம் வந்து வந்து போகும்தானே" என்றார் தகப்பன்.
வந்த சனம் போகவில்லை.
நடைவழியில் பிளாஸ்டிக் கதிரை போட்டது நான்.
சுவரிலிருந்த சிவப்பு அணைப்பான்
மேடை நிறத்துக்கு ஒத்துவரவில்லையென்று
இளநீலப் பட்டுத்துணி சுற்றினாள் சோடனைக்காரி.
நல்லாயிருக்கு என்று சொன்னதும் நான்.

மேடை முழுக்க ரெஜிபோம்.
அன்னம், தாமரை, பென்னாம்பெரிய சிப்பி.
சிப்பி திறக்க, புகை மிசின் ஊத,
பிள்ளை வெளியே வரவேண்டும்.

புகை வந்தது.
எல்லாரும் கைதட்டினோம்.
இன்னும் வந்தது.
இன்னும் தட்டினோம்.
கறுப்பாய் வந்தபோதுதான்
சில்வெஸ்டர் கமராவிலிருந்து கண்ணை எடுத்து
"அண்ணை, மிசின் இன்னும் போடேல்லையே" என்றான்.

பிறகு நடந்ததை ஒழுங்காய்ச் சொல்லத் தெரியவில்லை.
ரெஜிபோம் விறகுபோல் எரியாது, சொட்டும்.
அன்னத்தின் கழுத்து மெல்ல வளைந்து
கம்பளத்தில் விழுந்தது, விழுந்த இடமெல்லாம்
ஐந்நூறு பேர். ஒரு வாசல்.
அதுவும் உள்ளுக்கு இழுக்கிற கதவு.
பன்னீர்ச் செம்பு உருண்டது.
ஒருத்தி செருப்புத் தேடினாள்.
கடவுளே, செருப்பு.

பின்கதவுக்கு ஓடினேன்.
இடுப்பில் பதினொரு திறப்பு,
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை.
மூன்றாவது களஞ்சிய அறை.
நாலாவது கீழே விழுந்தது.
அன்வர்தீன் சமையற்கட்டிலிருந்து வந்தார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
தேங்காய் உடைக்கிற கத்தியின் முதுகால்
கொளுக்கியில் ஆறு அடி.
எண்ணினேன்.
எண்ணுவதற்கு நேரமிருந்தது,
அதுதான் இன்றைக்கும் என்னை
நித்திரையால் எழுப்புவது.

ஒருவரும் சாகவில்லை.
சிப்பிக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்கி வந்தவன்
அழைப்பில்லாமல் சாப்பிட வந்த ஒரு பொடியன்.
அவள் கையில் மருதாணியும் கொப்புளமும்.

தீயணைப்பு வண்டி வரப் பிந்தியது,
ஒழுங்கையை அடைத்து நின்ற மோட்டார் சைக்கிள்களை
ஒவ்வொன்றாய்த் தூக்கி வைத்துவிட்டு வந்தார்கள்.
பெரியவர் ஒருவர், தொப்பியைக் கழற்றாமலே,
பட்டுத்துணியை அவிழ்த்தார்.
அணைப்பானின் சீட்டைப் படித்து
திகதியில் விரலை வைத்தபடி
என்னிடம் நீட்டினார். ஏசவில்லை.
அந்த வருசம்
யதுர்ணாவுக்குப் பால்பல் விழுந்திருக்கும்.

இப்போது கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும்,
குழந்தை தள்ளினாலும் போதும்.
கதிரை முந்நூறென்றால் முந்நூறு.
கோபித்துக்கொண்டு வேறு மண்டபம் போகிறவர்கள்
போகட்டும்.
நாதஸ்வரம் தொடங்குமுன் ஒலிவாங்கியைப் பிடித்து
எந்தப் பக்கம் எத்தனை வாசல் என்று
நானே கை நீட்டிக் காட்டுகிறேன்.
"இதென்ன பிளேனா?" என்று
பின்வரிசை இளசுகள் சிரிக்கிறார்கள்.
சிரிக்கிறபோது திரும்பிப் பார்க்கிறார்கள்,
எனக்கு அது காணும்.

போன கிழமை, தாலி கட்டி முடிந்த கையோடு
விரியத் திறந்த பின்கதவால்
பெண்மான் ஒன்று உள்ளே வந்தது.
நடைவழி வெறுமையாய்க் கிடந்தது.
எதிலும் முட்டாமல் மணவறை மட்டும் நடந்து
வாழையிலை கொஞ்சம் தின்று
வந்த வழியே போனது.

மாப்பிள்ளை வீட்டார் முறைப்பாடு சொன்னார்கள்.
வாழைக்குரிய காசைக் கழித்துக் கொடுத்தேன்.